மூன்றாம் ஓலை

கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்த மறுநாள், இசபெல்லா கொல்லையில் சாளைக் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பங்குச்சாமி அவள் மகள் டயானாவின் பெயரையும் ரெக்சனின் பெயரையும் வாசித்து, இந்தத் திருமணத்துக்கு ஏதாவது விக்கினம் உண்டென்று அறிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று முடித்தபோது, கோயிலில் ஒருத்தர்கூட இருமவில்லை. இன்னும் இரண்டு ஞாயிறு இப்படியே போய்விட்டால் போதும். மூன்று ஓலையும் வாசித்து முடித்த கல்யாணத்தைக் கலைக்க ஊரில் எவனுக்கும் வாய் வராது என்பது இசபெல்லாவின் கணக்கு. அந்தக் கடற்கரையில் பெண்ணைப் பெற்ற எல்லாருடைய கணக்கும் அதுதான்.

கச்சான் காற்று புழுதியையும் உப்பையும் சேர்த்து அள்ளி முகத்தில் அடித்தது. கருவாட்டுக்கு நல்ல காற்று, கண்ணுக்குக் கெட்ட காற்று. பழைய வலையை விரித்து அதன்மேல் சாளையை வரிசையாகப் பரப்பியிருந்தாள். ஒரு பக்கம் காய்ந்ததும் மறுபக்கம் திருப்ப வேண்டும். காக்கையை விரட்ட வேண்டும். பூனையை விரட்ட வேண்டும். ஓசியில் இரண்டு கேட்டு வருகிற சொந்தக்காரர்களை மட்டும் விரட்ட முடியாது.

மகளை நினைத்தால் அவளுக்கு அந்த உப்புக் காற்றும் இனித்தது. டயானா படித்தது நர்சுப் படிப்பு. வேலை பார்த்ததோ பைபாஸ் பக்கம் எழும்பியிருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில், ஊசி போடாத, துடைத்து எடுக்காத வேலை. சேலைக்கு மேல் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, ஏசி அறையில் உட்கார்ந்து, பிரசவத்துக்கு வருகிற குடும்பத்தாரிடம் பேச வேண்டும். அவ்வளவுதான். வார்டில் ஓடி ஓடிச் சாகிற நர்சுகளைவிட இரண்டு பங்கு சம்பளம். ரெக்சனின் அம்மா செலஸ்டினா பெண் பார்க்க வந்த அன்று, ஆணியில் தொங்கிய அந்தக் கோட்டைத்தான் முதலில் பார்த்தாள். பெண்ணைப் பிறகுதான் பார்த்தாள். மகனோ கப்பலில் மோட்டார்மேன், தங்கமான பையன், வருகிற மாதம் இறங்குகிறான்.

டயானா வந்து கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்தாள். சாதாரணச் சுடிதார் போட்டிருந்தாள்.

"வேலைக்கு நேரமாவலியாளா? எங்க உன் கோட்டு?"

"குடுத்துட்டேன்."

"வெளுக்கவா?"

"அவங்ககிட்டயே குடுத்துட்டேம்மா. வேலைய விட்டுட்டேன். ஆறுமுகநேரியில கன்னியர் ஆஸ்பத்திரி இருக்குல்லா, அங்கன சேந்திருக்கேன். பிரசவ வார்டு. நாளைக்குப் போணும்."

இசபெல்லாவின் கையில் இருந்த சாளை கீழே விழவில்லை. அதெல்லாம் சினிமாவில்தான் விழும். அவள் அந்தச் சாளையைத் திருப்பி வைத்தாள். அதையே எடுத்து மறுபடியும் திருப்பினாள்.

"சம்பளம்?"

"பாதிதான்."

"எதுல பாதி?"

"முன்ன வாங்குனதுல."

"சேசு மரி சூசையே!" என்று இசபெல்லா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்த இடத்தில் நாலைந்து சாளை இருந்தது. அதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

"மண்ட கொழம்பிட்டாளா ஒனக்கு? மீன கொறச்சிக் கேப்பாவ, கேட்டிருக்கேன். சம்பளத்தக் கொறச்சிக் கேட்டு வாங்குனவள இப்பத்தாம்ளா பாக்கேன். யாரும் வெரட்டுனாவளா? கைய கிய்ய புடிச்சானா எவனும்?"

"ஒருத்தரும் ஒண்ணும் செய்யலம்மா. நான் நர்சு. நர்சு வேல பாக்கணும்."

"இப்ப பாத்தது என்ன, மீன் யாவாரமா?"

"மீன் யாவாரம்னா மீனையாவது தொடுவேன்லா" என்றாள் டயானா. இசபெல்லா மேற்கொண்டு கேட்கவில்லை. ஏன் என்று கேட்க வேண்டிய இடத்தில், செலஸ்டினாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற ஒன்றே அவள் மண்டைக்குள் மத்தளம் கொட்டியது.

சாயங்காலம் புருஷன் பாஸ்கலிடம் வழக்கு போனது. பாஸ்கல் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் தண்டல். தோணியில் அவர் வைத்ததுதான் சட்டம். வீட்டில் சட்டம் வேறு ஆளிடம் இருந்தது. காற்று அடங்கிக் கடல் படியும்வரை தோணி ஓடாது என்பதால், இரண்டு மாதமாக வீட்டில் இருந்து நன்றாகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க என்ன வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கிய? மவகிட்டக் கேளுங்க."

"அவ படிச்ச வேலைக்கு அவ போறா. நான் என்னத்தக் கேக்க?"

"வெளங்கிரும். பெரிய கப்பல்ல கூப்புட்டப்ப நீங்க போவல, தோணியே போதும்னிய. அப்பன் விட்டதத்தான் மவ புடிச்சிருக்கா." மூக்கைச் சிந்திவிட்டு, இடுப்பில் செருகியிருந்த லேஞ்சியால் துடைத்துக்கொண்டாள். "நடந்தது நடந்துட்டு. நான் சொல்லுதத ரெண்டு பேரும் கேளுங்க. மூணு ஓல வாசிச்சி முடியுத வரைக்கும் இந்தப் பேச்சு வீட்டத் தாண்டக் கூடாது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தச் செய்னு சும்மாவா சொன்னாவ?"

"அந்த ஆயிரத்தையும் நான் ஆஸ்பத்திரியிலயே சொல்லி முடிச்சிட்டேம்மா" என்றாள் டயானா. பகடி செய்கிறாள் என்று இசபெல்லா நினைத்துக்கொண்டாள். பிறகு டயானாவே சொன்னாள்: "நானாப் போயி சொல்லல. ஆனா மாமி கேட்டா மறைக்க மாட்டேன். கேட்ட அன்னைக்குச் சொல்லிருவேன்."

ஆக, செலஸ்டினா கேட்காமல் பார்த்துக்கொள்வது இசபெல்லாவின் பொறுப்பாயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அவள் அதற்கென்றே பிறந்தவளைப் போலச் செய்தாள். செலஸ்டினா கருவாடு வாங்க வருகிறேன் என்றால், இவள் ஆட்டோவில் கொடுத்து அனுப்பினாள். டயானா எங்கே என்றால், வேலைக்குப் போயிருக்கா மயினி என்றாள். அது பொய்யில்லை. தெருமுனையில் கடை வைத்திருக்கும் சந்தனமாரி, "என்னக்கா, ஒங்க மவ காலையில திருச்செந்தூர் பஸ்ல போறா?" என்று கேட்டபோது மட்டும், நேர்ச்சை என்று சொல்லிவிட்டு வந்தாள். தினமுமா நேர்ச்சை என்று சந்தனமாரி கேட்கவில்லை. அவளுக்கு அவள் கஷ்டம்.

இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று.

டயானா விடிகாலையில் உப்பளங்களைத் தாண்டிப் போகிற பஸ்ஸில் போனாள். பொழுது சாய வந்தாள். உடம்பெல்லாம் டெட்டால் வாடை. முன்பெல்லாம் சோற்றில் விரலால் கோலம் போட்டுவிட்டு எழுந்து போகிறவள், இப்போது சாளைக் குழம்பை ஊற்றி இரண்டு தட்டு சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே அப்பாவிடம் கதை சொல்வாள்.

"உப்பளத்துல வேல பாக்குத அக்கா யப்பா, வலி வந்த பெறகும் பாத்தியக் கட்டி முடிச்சிட்டுத்தான் வந்துருக்கு. வந்து கட்டில்ல படுக்க மாட்டேங்குது. நடந்துக்கிட்டே இருக்கு. நானும் கூடவே நடந்தேன். என் தோளப் புடிச்ச புடியில பாருங்க, நகம் பதிஞ்சிருக்கு."

"என்ன பிள்ள?"

"பொம்பளப் பிள்ள. அழுத அழுகையில சிஸ்டர் சமையக்கட்டுல இருந்து ஓடி வந்துட்டாவ."

அப்பனும் மகளும் சிரித்தார்கள். குசினியில் நின்று கேட்ட இசபெல்லாவுக்கு ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் என்னவோ போல் இருந்தது. கோட்டுப் போட்ட காலத்தில் இவள் வேலையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதை அவள் அங்கேயே விட்டுவிட்டு மீன் சட்டியைக் கழுவப் போய்விட்டாள்.

மூன்றாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம், செலஸ்டினா போன் போட்டாள். குரலில் குதூகலம்.

"மயினி, அனிஷாவ நேத்துக் கூட்டிட்டுப் போயி நம்ம டயானா ஆஸ்பத்திரியிலயே பதிஞ்சிட்டேன்." அனிஷா அவள் மகள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். "மாப்பிள்ள வீட்டுல வேற எடம் சொன்னாவ. எங்க வீட்டுக்கு வரப்போற பிள்ள அங்கன கோட்டுப் போட்டு இருக்கும்போது நான் ஏன் வேற எடம் போறேன்னுட்டேன். டயானாவத் தேடுனேன், கண்ணுல படல. உள்ள வேலையா இருப்பான்னு வந்துட்டேன். இன்னும் ஒண்ணர வாரம் இருக்கு. அன்னைக்கு அவ கூட நிக்கட்டும், கேட்டியளா?"

இசபெல்லா போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாள். "சரி மயினி" என்றாள். வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று அவள் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

டயானா பஸ் இறங்கி வீட்டுக்குள் கால் வைத்ததும் இழுத்து உட்கார வைத்தாள். "அங்கன உனக்கு ஒரு சிநேகிதி இருப்பால்லா, அவகிட்ட ஒரு வார்த்த சொல்லி வையி. அனிஷா வந்தா அவ பாத்துக்கிடட்டும். நீ லீவுன்னு சொல்லிருவோம்."

டயானாவின் முகம் வெளுத்துவிட்டது. "அங்கயா பதிஞ்சிருக்காவ? யம்மா, அங்க வேண்டாம். சொல்லுங்க, அங்க வேண்டாம்னு."

"ஏம்ளா?"

"நான் அங்க என்ன வேல பாத்தேன்னு நினைக்கிய?"

"பேசுத வேல."

"என்ன பேசுனேன்னு கேட்டியளா என்னைக்காவது?" டயானா தண்ணீர்ச் செம்பைக் கையில் பிடித்துக்கொண்டே பேசினாள், குடிக்கவில்லை. "டாக்டர் உள்ள இருந்து 'பேசிடு'ம்பாங்க. நான் வெளிய வந்து, பிள்ளைக்கு மூச்சு முட்டுது, நாடி எறங்குது, உடனே ஆப்பரேசன் பண்ணணும், கையெழுத்துப் போடுங்கம்பேன். சில நேரம் நெசமாவே முட்டும். சில நேரம் டாக்டர் வீட்டுக்குப் போற நேரம் ஆயிரும், அதுக்காவ முட்டும். மொதல்ல நான் உள்ள போயி, பிள்ளையோட நாடி காட்டுத மெசினப் பாத்துட்டு வந்துதான் பேசுவேன். நல்லா ஓடிக்கிட்டிருக்கும், யம்மா. குதிரை கணக்கா ஓடும். அதப் பாத்துட்டு வெளிய வந்து முட்டுதுன்னு சொல்ல நாக்கு கூசும். அதனால பாக்கிறத விட்டுட்டேன். பாக்காமப் பேசுனா கூசல."

மகள் பேசுவது தமிழ்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் இசபெல்லாவுக்கு உள்ளே போக நேரம் எடுத்தது.

"சந்தனமாரி மருமவளுக்கு?" என்று கேட்டாள்.

சந்தனமாரியை அங்கே அனுப்பியது இசபெல்லாதான். எம் மவ இருக்கா, தைரியமாப் போங்க என்று தெருவில் நின்று சொன்னாள். ஆப்பரேசன் ஆயிற்று. அந்தச் செலவுக்கு அவர்கள் மாவு மில்லை விற்றார்கள்.

"நான்தான் பேசுனேன்."

"அது நெசமா?"

"தெரியாதும்மா. அன்னைக்கு நான் உள்ள போயிப் பாக்கல."

தெருவெல்லாம் பெருமை பேசித் திரிந்த இத்தனை நாளும் தன் வாயில் இருந்தது என்ன என்று இசபெல்லாவுக்கு இப்போது தெரிந்தது. டயானா எழுந்து செருப்பை மாட்டினாள்.

"எங்களா போற?"

"மாமி வீட்டுக்கு. சொல்லிட்டு வாரேன்."

இங்கேதான் இசபெல்லா அந்தக் காரியத்தைச் செய்தாள். எல்லாம் கேட்ட பிறகும் செய்தாள். வாசலை மறித்து நின்று மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "மக்கா, ஒங் காலப் புடிக்கேன். நாளைக்கு ஒரு ஓல. காலையில பூசை முடிஞ்சதும் நானே ஒன்னக் கூட்டிட்டுப் போயிச் சொல்லுதேன். பிள்ளைக்கு இன்னும் ஒண்ணர வாரம் இருக்கே. ஒரு ராத்திரியில என்ன வந்துரப் போவுது?"

டயானா பாஸ்கலைப் பார்த்தாள். பாஸ்கல், புயல் வருகிறதா என்று வானத்தைப் பார்க்கிறவர் மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக் கழற்றினாள்.

மூன்றாம் ஓலையை மறுநாள் பங்குச்சாமி நிதானமாக வாசித்தார். விக்கினம் என்ற சொல் வந்ததும் இசபெல்லாவின் முதுகு விறைத்தது. பக்கத்து வரிசையில் ஒரு கைக்குழந்தை சிணுங்கியது, அவ்வளவுதான். வாசித்து முடிந்துவிட்டது. இனி அசைக்க முடியாது. வெட்கக்கேடு, அந்த நேரத்தில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. வெளியே வந்து போனை எடுத்துப் பார்த்தால், பூசை நேரம் முழுக்கச் செலஸ்டினா கூப்பிட்டிருக்கிறாள். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை. டயானாவின் போனிலும் அப்படியே.

திரும்பக் கூப்பிட்டதும் செலஸ்டினா கத்தினாள். "எங்க போயித் தொலைஞ்சிய எல்லாரும்? அனிஷாவுக்குக் காலையிலயே பனிக்குடம் ஒடஞ்சிட்டு. ஆஸ்பத்திரியில இருக்கோம். டயானாவ வரச் சொல்லுங்க!"

ஆட்டோவில் மூன்று பேரும் ஏறினார்கள். காற்று எதிர்த்து அடித்தது. வழி நெடுக ஆட்டோக்காரர் மட்டும் ரோட்டைத் திட்டிக்கொண்டு வந்தார்.

பிரசவப் பிரிவுக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் செலஸ்டினா நின்றுகொண்டிருந்தாள். முந்தானை ஒரு பக்கம், கொண்டை ஒரு பக்கம். டயானாவைப் பார்த்ததும் ஓடி வந்து தோளைப் பிடித்தாள்.

"எங்களா இருந்த? பிள்ளைக்கு மூச்சு முட்டுதாம். நாடி எறங்குதாம். கையெழுத்துக் கேக்காவ. அனிஷா மாப்பிள்ள இப்பத்தான் ஊருல இருந்து பொறப்பட்டிருக்கார். நீ வந்து சொன்னாத்தான் போடுவேன்னுட்டேன். உள்ள போயிப் பாருளா!"

டயானா கதவை நோக்கி நடந்தாள். வாசலில் இருந்த காவலாளி கையை நீட்டி மறித்தான். ஸ்டாஃப் மட்டும்தான் போகலாம் என்றான். இரண்டு வாரம் முன்புவரை சலாம் போட்டவன்.

"அவ ஸ்டாஃப்தானய்யா!" என்றாள் செலஸ்டினா.

"இல்ல மயினி" என்றாள் இசபெல்லா. தன் குரல் இவ்வளவு சின்னது என்று அவளுக்கே அன்றுதான் தெரியும். "இவ இங்க வேலையில இல்ல. விட்டுட்டா. ஆறுமுகநேரியில பாதிச் சம்பளத்துக்கு வேல பாக்கா. இங்க நெசமில்லாமலும் மூச்சு முட்டுதுன்னு சொல்லச் சொல்லுதாவளாம். அதனால விட்டுட்டா."

செலஸ்டினா இசபெல்லாவைப் பார்த்தாள். "எப்ப விட்டா?"

"மொத ஓலைக்கு மறுநாள்."

"நேத்து நான் போன் போட்டப்ப ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும் மயினி."

செலஸ்டினா ஏதோ சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் கதவு திறந்து, கறுப்புக் கோட்டுப் போட்ட சின்னப் பெண் ஒருத்தி, அட்டையில் செருகிய தாளோடு வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கலாம். டயானாவைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"அக்கா! நீங்களா?" என்றவள் செலஸ்டினாவிடம் திரும்பினாள். "அப்ப ஒண்ணும் யோசிக்காதீங்க ஆண்டி, கையெழுத்துப் போடுங்க. இந்த அக்காதான் எனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க. எப்படிப் பேசணும், எவ்வளவு நேரம் குடுக்கணும், எல்லாமே."

நல்ல பிள்ளை. மரியாதையாகத்தான் சொன்னாள். பாஸ்கல் இசபெல்லாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"செல்வராணி" என்றாள் டயானா. "மெசினப் பாத்தியா? நீ உள்ள போயிப் பாத்தியா?"

"இல்லக்கா. டாக்டர் 'பேசிடு'ன்னாங்க."

"போயிப் பாத்துட்டு வா. ஓடு. எனக்காவ."

"அக்கா, எனக்குப் பாக்கத் தெரியாதே. நான் நர்சு இல்லல்லா. பி.காம்."

செலஸ்டினா டயானாவின் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். "சொல்லுளா. இது நெசமா, பொய்யா?"

"தெரியல மாமி."

"நீ சொல்லிக் குடுத்ததத்தான சொல்லுதா! ஒனக்கே தெரியாதா?"

"உள்ள விட்டாத் தெரியும். இங்க நின்னு தெரியாது. யாருக்கும் தெரியாது." டயானா செல்வராணியின் கையிலிருந்த பேனாவை வாங்கி நீட்டினாள். "போடுங்க மாமி. பொய்யா இருந்தா அனிஷாவுக்கு வயித்துல ஒரு தையல். நெசமா இருந்தாப் பிள்ள போயிரும். போடுங்க."

செலஸ்டினா பேனாவை வாங்கினாள். அட்டையைப் பாஸ்கல் பிடித்துக்கொண்டார்.

பிறகு காத்திருந்தார்கள். நீளமான பெஞ்சின் ஒரு முனையில் செலஸ்டினா, மறு முனையில் இவர்கள் மூன்று பேர். நடுவில் நாலு ஆள் உட்காரலாம். செலஸ்டினாவின் உதடு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. இசபெல்லாவுக்கும் சொல்ல ஆசைதான். அருள் நிறைந்த மரியே என்று தொடங்குவாள், அதற்கு மேல் வராது. ஒரு ராத்திரி. ஒரே ஒரு ராத்திரிதான் கேட்டாள். நேற்று வாசலை மறிக்காமல் இருந்திருந்தால், இந்நேரம் அனிஷா வேறு எங்கோ, யாருடைய தோளையோ பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருப்பாள்.

கதவு திறந்தது. ஆண் பிள்ளை என்றார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை என்றார்கள். வெள்ளைத் துணியில் சுற்றிச் செலஸ்டினாவின் கையில் கொடுத்துவிட்டு அந்த நர்சு போய்விட்டாள். குழந்தை நன்றாகச் சிவந்து, நன்றாகக் கத்தியது. மூச்சு முட்டின பிள்ளையா, முட்டாத பிள்ளையா என்று அந்த முகத்தில் எழுதியிருக்கவில்லை.

செலஸ்டினா துணியை விலக்கி அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு பெஞ்சின் இந்த முனைக்கு வந்தாள். மூன்று பேரும் எழுந்து நின்றார்கள்.

"மயினி" என்று இசபெல்லா தொடங்கினாள். "நீங்க என்ன முடிவு எடுத்தாலும் சரி. ஓலைய நாங்களே சாமிகிட்டச் சொல்லி..."

"நீங்க வாய மூடுங்க மயினி. இன்னைக்கு ஒங்க சத்தத்த என்னால கேக்க முடியாது." அவள் டயானாவைப் பார்த்துத்தான் பேசினாள். "எம் மவ வயித்தக் கிழிச்சது வேணுமா வேண்டாமான்னு சாவுற வரைக்கும் எனக்குத் தெரியப் போறதில்ல. ஒனக்கும் தெரியாது. அப்படித்தான?"

"ஆமா மாமி."

"இப்படி எத்தன பேருக்குத் தெரியாமக் கெடக்கோ."

டயானா தலையைக் குனியவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் பொலபொலவென்று வந்தது.

"கல்யாணத்தக் கலச்சிருவேன்னு பாக்கியளா? கலைக்க மாட்டேன். கலச்சா நீ தப்பிச்சிருவ. சம்பளம் பாதியோ காலோ, எனக்கு வேண்டாம். நீ எங்க வீட்டுக்கே வா. அனிஷா பிள்ளயத் தூக்கிட்டு வருவா, இவன் எங்க முத்தத்துல ஓடுவான், விளையாடுவான். ஒவ்வொரு நாளும் நீயும் பாக்கணும், நானும் பாக்கணும்."

குழந்தை இன்னும் வீறிட்டது. செலஸ்டினாவின் கை ஆட ஆரம்பித்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காத உடம்பு. அவள் சட்டென்று இரண்டு கையையும் நீட்டினாள்.

"புடி. பிள்ளயப் புடிக்கவாது ஒனக்கு நெசமாத் தெரியும்லா."

டயானா முகத்தைத் தோளில் துடைத்துவிட்டு, பிடரிக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து வாங்கினாள்.